ரிட்டர்ன் தேதிக்குள் ஒரு தடவையாவது ஆன் செய்து பாருங்கள்

தீபாவளி ஆஃபரில் மதர்போர்டு (மற்ற பாகங்களெல்லாம் பொருந்தும் பலகை), பொங்கல் ஆஃபரில் பிராசசர், சம்பளம் வந்ததும் ரேம் என்று ஆன்லைனில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, கடைசியில் கம்ப்யூட்டராக அசெம்பிள் செய்து தரச் சொல்லி எங்களிடம் வருகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். விலையை அலசித்தான் வாங்கியிருப்பார்கள். ஆனால் மதர்போர்டு பெட்டி சீல்கூடப் பிரிக்காமல் இருக்கும். எனக்குப் பயமே அங்கேதான்.

திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ பெரும்பாலும் ஏழு, பத்து நாள்தான் அவகாசம். டெலிவரி ஆன அன்றே அந்தக் கணக்கு தொடங்கிவிடும். வாரண்டிதான் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வளைந்துபோன பின்கள் (மெல்லிய கம்பி முனைகள்), உடைந்த மூலை போன்ற பிசிக்கல் டேமேஜ் எதுவும் அதில் சேராது.

போர்டில் பிராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 1700 பின்கள். ஏஎம்டி ஏஎம்5 சாக்கெட்டில் 1718. ஏஎம்4 வரை ஏஎம்டியில் பின்கள் பிராசசரின் அடியில் இருந்தன, இப்போது போர்டிலேயே வந்துவிட்டன. ஒரே ஒரு பின் வளைந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம், டிஸ்ப்ளேயே வராமலும் போகலாம். மூன்று மாதம் கழித்து “வரும்போதே இப்படித்தான் இருந்தது” என்றால் சர்வீஸ் சென்டரில் எடுபடாது. அதனால் பெட்டி வந்த அன்றே, கூரியர் லேபிளும் சீரியல் நம்பரும் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். சாக்கெட் மூடியை எடுத்து, போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே வரிசையாக மின்ன வேண்டும். வளைந்தது மட்டும் தனியாகப் பளிச்சிடும். போட்டோ எடுத்துவிட்டு மூடியைத் திரும்பப் போடுங்கள். அந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியவே கூடாது, வாரண்டிக்குப் போனால் கேட்பார்கள்.

மொத்தப் பணமும் கையில் இல்லையென்றால் மானிட்டர், கீபோர்டு, மவுஸை முதலில் வாங்குங்கள். அவற்றைத் தனியாகவே சோதித்துவிடலாம். போர்டு, பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) நான்கையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள், நான்கும் சேர்ந்தால்தான் ரிட்டர்ன் தேதிக்குள் ஆன் செய்து பார்க்க முடியும்.

“கிராபிக்ஸ் கார்டு அப்புறம் வாங்கிக்கிறேன்” என்பவர்கள் பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஐ5 12400எஃப்-இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ரைசன் 5 5600-இலும் கிடையாது, 5600ஜி-இல் உண்டு. இது தெரியாமல், திரை கறுப்பாக இருப்பதைப் பார்த்து நல்ல போர்டைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ரேம் உட்காராது என்பதையும் ஆர்டருக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

“ஐ7, 16 ஜிபி, எஸ்எஸ்டி” என்று ரொம்ப மலிவாக வரும் காம்போக்களில் ஐ7-க்குப் பிறகு என்ன எண் என்று கேளுங்கள். பல நேரம் அது 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐ7 2600, போர்டும் அதே காலத்து எச்61. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பிள்ளையின் படிப்புக்கென்று கடன் வாங்கி இதை வாங்கிய பெற்றோரைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

பில் உங்கள் பெயரில், ஜிஎஸ்டியோடு இருக்கட்டும். பிரச்சினை என்றால் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். பில், வீடியோ, சாக்கெட் போட்டோ மூன்றும் கையில் இருக்கட்டும்.