ஒன்பதாவது வீடு ஏன் தாமதமானது?

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, ஒரே வரைபடத்தில் 16 வீடுகள் கட்டும் பணியை மேற்பார்வையிட்டேன். முதல் வீட்டுக் கூரைக்குச் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சு) அடித்துக் கம்பி கட்டி முடிக்க ஒன்பது நாட்கள் ஆயின. எட்டாவது வீட்டுக்கு ஆறரை நாள்தான். ஆளும் கூடவில்லை, கூலியும் கூடவில்லை, யாரையும் விரட்டவும் இல்லை.

மிச்சமான நேரம் சிறு சிறு இடங்களிலிருந்து வந்தது. பலகைகளுக்கு எண் எழுதிவைத்ததால் சன்ஷேட்டுக்கு மறுபடி அறுக்க வேண்டியிருக்கவில்லை. கம்பி நீளம் மேஸ்திரிக்கு மனப்பாடமாகிவிட்டது. அடுத்து எது வேண்டும் என்று கேட்கும் முன்பே சித்தாள்கள் அதை எடுத்து வந்தார்கள்.

விமானத் தயாரிப்பில் இதை 1936இல் கணக்காக எழுதியவர் அமெரிக்கப் பொறியாளர் டி. பி. ரைட்: செய்த எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒன்றுக்கு ஆகும் உழைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது. வெயிலும் மழையும் சரக்குத் தாமதமும் குறுக்கிடும் எங்கள் தொழிலில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. இந்தப் பணியில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் எனக்குக் கிடைத்தது சுமார் 10 சதவீதம்; அதுவே பெரிது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது எப்படி இருக்கும் என்பதைப் புதிய பாம்பன் ரயில் பாலத்தைக் கடக்கும்போது பாருங்கள்: 18.3 மீட்டரில் 99 கண்கள் (தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதிகள்) ஒரே மாதிரி நிற்கின்றன. கப்பலுக்குத் தூக்கிவிடும் 72.5 மீட்டர்க் கண் ஒன்றுதான் வேறு.

எட்டாவது வீடு முடிந்ததும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் வேலை இல்லை. ஆட்களில் பாதிப் பேர் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். புதியவர்களோடு தொடங்கிய ஒன்பதாவது வீடு எட்டு நாட்களை விழுங்கியது. ‘ஆள் கிடைத்தால் போதும்’ என்று நினைக்கும் ஒப்பந்ததாரர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன். கூரை முடிந்த வீடுகளின் உள்பூச்சை மழைக்காலத்துக்கென்று ஒதுக்கிவைத்திருந்தால் கொத்தனார்கள் போயிருக்கமாட்டார்கள். கம்பி கட்டுபவர்களுக்கு அரைக் கூலி கொடுத்தாவது நிறுத்தியிருக்கலாம். அதைத் திட்டமிடாதது என் தவறு. வேலை நடுவில் சமையலறையை இடம் மாற்றச் சொல்லும் உரிமையாளர்களாலும் இதே இழப்பு வருகிறது.

இன்னொன்று என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. இரண்டாவது வீட்டில் கான்கிரீட் போடும் முன் பார்த்தபோது, சன்ஷேட் கம்பிக்கு அடியில் கவர் பிளாக்கே (கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இல்லை. கடலோரச் சூழலுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 கேட்பது 45 மில்லிமீட்டர் மறைப்பு, அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம். அது குறைந்தால் இந்த உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, வீங்கி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அன்று கவனிக்காமல் விட்டிருந்தால் 15 வீடுகளிலும் அதே குறை, ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட வேகமாக, நடந்திருக்கும்.

அதனால் இப்போதெல்லாம் முதல் இரண்டு வீடுகளில் அவசரப்படுத்துவதில்லை. டேப்போடு சாரத்தில் ஏறி, ஒவ்வொரு பீமையும் மேஸ்திரியை அருகில் வைத்துக்கொண்டே அளக்கிறேன்.