காலியாகப் பறக்கும் ஜெட்டின் கணக்கு

தனி ஜெட்களுக்குப் பயணத் திட்டமும் எரிபொருள் கணக்கும் போடுவது என் தொழில். பணக்காரர்களின் விமானப் பயணம் காற்றைக் கெடுக்கிறது என்றதும் பலருக்கு நினைவில் வருவது உள்ளே இருக்கும் கட்டிலும் தோல் இருக்கையும்தான். அதனால் எடை கொஞ்சம் கூடும், அவ்வளவே. என் கணக்கில் உறுத்துவது யாருமே ஏறாத பறப்புகள். எம்ப்டி லெக் என்போம்.

கேன்ஸ் திரைப்பட விழாவுக்காக ஒருவர் ஜெனீவாவிலிருந்து, கேன்ஸுக்குப் பக்கத்து விமான நிலையமான நீஸுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். சுமார் 300 கி.மீ. கிடைக்கிற விமானமோ பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையத்தில் நிற்கிறது. அங்கிருந்து ஜெனீவாவுக்கு 400 கி.மீ. காலியாக வரும். அவரை நீஸில் இறக்கிவிட்டு, விழா நெரிசலில் நிறுத்த இடமில்லாமல், பாரிஸுக்கு 700 கி.மீ. காலியாகவே திரும்பும். பயணி போனது 300, விமானம் பறந்தது 1,400. பில்லில் இதற்கெல்லாம் காசு சேர்ந்துவிடும். கார்பன் கணக்கு கேட்பவர்கள் மட்டும் தாங்கள் உட்கார்ந்து வந்த தூரத்துக்குத்தான் கேட்கிறார்கள்.

அந்த 300 கி.மீ.யும் லேசுப்பட்டதல்ல. ஜெட் என்ஜின் அதிகம் குடிப்பது மேலேறும்போது. இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறிய கையோடு இறங்க வேண்டியதுதான், சிக்கனமாகப் பறக்க நேரமே இருக்காது. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் (காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்வதால், சொன்னால் பலர் நம்புவதில்லை).

குறைந்த தூரப் பறப்பு அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். போக்குவரத்து ஆய்வாளர் ஸ்டெஃபான் கோஸ்லிங் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனி விமானப் பறப்புகளில் கிட்டத்தட்ட பாதி 500 கி.மீ.க்கும் குறைவானவை. தனி விமானங்களால் 2023-இல் வெளியான கார்பன் டை ஆக்சைடு குறைந்தது 1.56 கோடி டன், 2019-ஐவிட 46 சதவீதம் அதிகம்.

சட்டம்? ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய சில உள்நாட்டு வழிகளில் விமானச் சேவையை 2023-இல் பிரான்ஸ் தடை செய்தது. பாரிஸ் ஓர்லி–லியோன் அதில் ஒன்று. ஆனால் தடை, டிக்கெட் வாங்கி ஏறும் வழக்கமான சேவைக்கு மட்டும்தான். தனி ஜெட்டுக்கு இல்லை. விமான நிறுவனங்கள் தங்கள் கார்பனை ஈடுகட்டுவதற்கான சர்வதேச கோர்சியா திட்டமோ ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் வெளியிடும் நிறுவனங்களைத்தான் தொடும். பெரிய ஜெட் ஒன்றை வைத்திருப்பவர் ஆண்டில் 400 மணி நேரம் பறந்தாலும் 2,000 டன்னைத் தாண்டுவது கடினம்.

பறந்தே ஆக வேண்டும் என்பவர்கள், விலை கேட்கும்போதே காலித் தூரம் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஒரு நாள் தள்ளிப் போட்டால், எப்படியும் அந்தப் பக்கம் காலியாகப் போகும் விமானமே அமையக்கூடும். ஜெனீவா–நீஸுக்கு அதுகூடத் தேவையில்லை. டிக்கெட் வாங்கி ஏறும் சாதாரண விமானமே நேரடியாகப் போகிறது.