திமிலில் எப்படி வந்தது சதுரம்?

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் மாப்பிள்ளை எடுத்த காங்கேயம் காளைப் படத்தை ஃபிளெக்ஸ் அடிக்கக் கொண்டுபோனேன். கடைத் தம்பி திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, வாட்ஸ்அப்புல வந்ததுங்களா? இது ஆவாதுங்க." திமிலின் ஓரமெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது.

அது படத்தை அழுத்திச் சுருக்கும் ஜேபெக் (JPEG) முறையின் வேலை. 1992இல் தரமாக ஏற்கப்பட்ட இந்த முறை, படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிறமும் வெளிச்சமும் மெல்ல மாறும் இடங்களைக் காப்பாற்றிக்கொண்டு, மயிர், தூசி போன்ற நுணுக்கங்களைத் தோராயமாக்கிவிடும். கண் அதைக் கண்டுகொள்ளாது என்று ஒரு கணக்கு. அழுத்தம் கூடிப்போனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒட்டாமல் கோடு விழும். வாட்ஸ்அப் செயலி படத்தின் அளவையும் குறைக்கிறது. 4000-க்கு 3000 புள்ளி 1600-க்கு 1200 ஆனால், 1.2 கோடிப் புள்ளிகளில் மிஞ்சுவது 19 லட்சம் சொச்சம். போனது போனதுதான். மென்பொருள் அதைக் கூர்மையாக்கித் தந்தாலும் அது ஊகித்து வரைந்த மயிர், அந்தக் காளையுடையது அல்ல.

சரி, பெரிய பிரதி வேறு எங்காவது இருக்குமா? பல நேரம் இருக்கும். சமூகத் தளங்கள் ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்துக்கொண்டு, திரைக்குப் போதுமானதை மட்டும் அனுப்புகின்றன. எக்ஸ் தளத்தில் படத்தைத் தனித் தாவலில் திறந்தால், முகவரியின் வாலில் 'நேம்' என்பதற்கு எதிரே 'ஸ்மால்' என்றோ 'மீடியம்' என்றோ இருக்கும். அதை அழித்துவிட்டு, 'ஒரிஜினல்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளை அடித்தால், தளத்தில் இருப்பதிலேயே பெரியது வரும்.

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இந்த வித்தை பலிக்காது. அங்கே முகவரியோடு ஒரு கையொப்பமும் வருகிறது. சர்வருக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்ணை வைத்துக் கணக்கிட்டது அது. அளவை நாம் மாற்றினால் கணக்கு இடிக்கும், சர்வர் கதவைச் சாத்திவிடும். அப்புறம் இருக்கும் வழி, 2008இல் வந்த டின்ஐ (TinEye) போன்ற, படத்தைக் கொடுத்தே தேடும் படத்தேடல். அதே படம் வேறு தளங்களில் கிடந்தால், பெரிய அளவை முதலில் வரிசைப்படுத்திக் காட்டச் சொல்லலாம்.

நான் இவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் செயலி படத்தில் கை வைக்காது. கொம்பில் தடவிய எண்ணெயின் மினுமினுப்புகூடத் தெரிந்தது.