குதிரைக்கு மசாஜ்: கை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

ஒரு தலைமுடியை எடுத்து, தடிமனான புத்தகத்தின் ஒரு தாளுக்கு அடியில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, தாளின் மேல் விரலை நகர்த்தி, முடி எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள். ஒரு தாள் என்றால் சுலபம். இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போனால் திணறும். கிடைக்கவில்லையே என்று விரலை அழுத்துவோம். அழுத்த அழுத்த முடி தொலைந்துபோகும். விரலைத் தளர்த்தினால்தான் மறுபடி தட்டுப்படும்.

தொட்டு அறிந்து சிகிச்சை செய்யக் கற்பவர்களுக்கு நெடுநாளாகக் கொடுக்கப்படும் பயிற்சி இது. குதிரைக்கு மசாஜ் செய்யப் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் அதிகமாகவே தேவை. அரை டன் எடையுள்ள விலங்கு என்றதும், பயில்வான் மாதிரி கையில் பலம் வேண்டும் என்று தோன்றும். ஆனால் குதிரையின் உடம்பில் ஓர் ஈ உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அந்த இடத்துத் தோல் மட்டும் சட்டென்று துடித்து ஈயை விரட்டிவிடும். தோலுக்கு அடியில் அதற்கென்றே மெல்லிய தகடு போல ஒரு தசை இருக்கிறது. ஈயின் பாரத்தையே உணர்கிற உடம்பில் கட்டைவிரலை வைத்து ஒரேயடியாக அழுத்தினால், குதிரை தசையை இறுக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கும். தளர்த்த வந்த கையே இறுக்கிவிட்டுப் போன கதைதான்.

குதிரையைத் தேய்த்துவிடுவது புதிய விஷயம் அல்ல. நம் நாட்டு லாயங்களில் மாலிஷ் என்பது பழகிய சொல். பிரிட்டிஷ் லாயங்களில் வைக்கோலைப் புரிபோல முறுக்கிக் கட்டி, அதனால் கழுத்திலும் பின்தொடையிலும் தட்டித் தேய்ப்பார்கள். இதைத் தனித் தொழிலாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜாக் மேஹர். விளையாட்டு வீரர்களுக்கு மசாஜ் செய்துவந்த அவர், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குதிரையேற்ற அணியின் குதிரைகளுக்கும் செய்தார். ஓடும் மனிதனின் தசைக்கு உதவுவது ஓடும் குதிரையின் தசைக்கும் உதவும் என்பதே அவருடைய நம்பிக்கை.

இன்று இதைப் படிக்கச் சேர்பவரின் பெரும்பகுதி நேரம் உடற்கூறியலில்தான் போகும். குதிரைக்குச் சுமார் 205 எலும்புகள். அவற்றில் இல்லாத ஓர் எலும்புதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. நமக்குத் தோளையும் நெஞ்சையும் இணைக்கும் காறை எலும்பு இருக்கிறது. குதிரைக்கு அது கிடையாது. முன்னங்கால்களுக்கும் உடம்புக்கும் நடுவே எலும்பு இணைப்பே இல்லை. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில், நெஞ்சுக்கூடு தசைகளாலான தூளியில் தொங்குகிறது. குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல்தான். 500 கிலோ குதிரை என்றால் 300 கிலோ. அதன் மேல் சேணம், அதன் மேல் ஆள். தடை தாண்டிக் குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியைத் தாங்குவது அந்தத் தூளி. தோள்பட்டைக்குப் பின்னாலும் நெஞ்சுக்கு அடியிலும் ஏன் இவ்வளவு இறுக்கம் என்பது இதைப் படித்த பிறகுதான் மாணவருக்குப் புரியும்.

அப்புறம் கால். குதிரையின் முன்னங்கால் முட்டி என்று நாம் சொல்வது, உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமமான மூட்டு. அதற்குக் கீழே அது ஒற்றை விரல் நுனியில் நிற்கிறது, குளம்புதான் நகம். அந்த முட்டிக்குக் கீழே சொல்லும்படியான தசையே இல்லை. எல்லாம் தசைநாண்கள். கீழ்க்காலை மடக்கும் தசை மேலே, முன்கையில் இருக்கிறது. நீளமான நாண் வழியாகக் கயிறு இழுப்பதுபோல் இழுக்கிறது. மேலே உள்ள தசை இறுகிக் கிடந்தால் கீழே நாணில் இழுவை கூடும் என்பதால், காலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த முடியாது. இதெல்லாம் புத்தகத்தில் பார்த்தால் மனதில் நிற்பது கஷ்டம். பிரிட்டனில் கில்லியன் ஹிக்கின்ஸ் என்பவர் உயிருள்ள குதிரையின் மேலேயே எலும்பையும் தசையையும் வண்ணத்தில் வரைந்து, அதை நடக்கவிட்டுக் காட்டுகிறார். அருமையான யோசனை.

கை வைப்பதற்கு முன் கண்ணுக்கு வேலை இருக்கிறது. குதிரையை நேர்கோட்டில் மெல்ல ஓடவிட்டுத் தலையைப் பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் ஊன்றும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். முகத்தையும் பார்க்க வேண்டும். குதிரை இரையாகும் விலங்கு, வலியைக் காட்டிக்கொள்ளாது என்பார்கள். ஆனாலும் முகம் ஓரளவு சொல்லிவிடுகிறது. 2014இல் ஆய்வாளர்கள் குதிரையின் வலியை முகத்தில் ஆறு அடையாளங்களால் மதிப்பிடும் முறையை வெளியிட்டார்கள். விறைத்துப் பின்னால் திரும்பிய காது, இறுகிய கண், புடைத்த தாடைத்தசை ஆகியவை அவற்றில் சில.

சரி, இனி கை. கழுத்தில் தொடங்கி, உள்ளங்கையால் முடியின் போக்கிலேயே நீவிவிட்டுப் போவார்கள். இது அறிமுகம். சூடான இடம் எது, கயிறு போல் முறுக்கேறிய இடம் எது, தொட்டதும் குதிரை முதுகை இறக்கும் இடம் எது என்று இடமும் வலமும் ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். பிறகுதான் பிசைவது, அழுத்தி நிறுத்துவது, குறுக்கே தேய்ப்பது எல்லாம். பின்பக்கம் சுற்றிப் போகும்போது கையைச் சப்பையில் வைத்தபடி ஒட்டியே நடக்க வேண்டும். குதிரைக்கு நேர் பின்னால் பார்வை கிடையாது.

கட்டைவிரல் ஓர் இறுக்கத்தின் மேல் நிற்கிறது. குதிரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி. கண் இமைக்கிறது. கீழ் உதடு தொங்குகிறது. ஒரு நீண்ட பெருமூச்சு, பிறகு வாயைச் சப்புக்கொட்டி மெல்லுகிறது. தலை மெதுவாக இறங்குகிறது. அப்போது விரலுக்கு அடியில் தசை இளகுவது தெரியும். இதை ஒருமுறை உணர்ந்தவர்கள் இந்தத் தொழிலை விடமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

உள்ளே என்னதான் நடக்கிறது? தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்று இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. 2012இல் கனடாவில் 11 இளைஞர்களைச் சோர்ந்துபோகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் மசாஜ் செய்து, இரண்டு கால்களிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். லாக்டேட் அளவில் வித்தியாசம் இல்லை. மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. அது மனிதர்களில். குதிரைகளில், 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 38 குதிரைகளின் முதுகு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறது என்று கருவியால் அளந்தார்கள். மசாஜ் பெற்ற குதிரைகளில் ஒரு வாரத்தில் அந்த அளவு 12 சதவீதம் கூடியது. ஒரு வலி மாத்திரை பெற்றவற்றில் 8 சதவீதம். 1993இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் நீவிவிடும்போது விரும்பித் தேடும் இடம், கழுத்து முதுகோடு சேரும் அடிப்பகுதி. அங்கே சொறிந்துகொடுத்தால் இதயத் துடிப்பு குறைகிறது; வேறு இடத்தில் சொறிந்தால் குறையவில்லை. இவையெல்லாம் சின்ன ஆய்வுகள். மசாஜ் நோயைத் தீர்க்கும் என்று சொல்ல இவை போதாது.

அதனால்தான் எப்போது தொடக்கூடாது என்பதும் பாடத்தில் வருகிறது. காய்ச்சல், வயிற்றுவலி, புதிய காயம், கடும் உழைப்புக்குப் பின் தசை கட்டிப்போய் நகர மறுக்கும் நிலை இவற்றில் எதுவாக இருந்தாலும் கையை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தலை எழும்பி எழும்பி நொண்டும் குதிரைக்கும் அதுவேதான். பிரிட்டனில் 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர்கள் சட்டப்படி, நோயைக் கண்டறிவது மருத்துவர் வேலை. ஆனால் மசாஜ் தெரபிஸ்ட் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வார இறுதிப் பயிற்சியும் உண்டு, பல மாதப் பயிற்சியும் உண்டு. இரண்டு நாளில் மேலே சொன்ன தூளியைக்கூடப் புரிந்துகொள்ள முடியாது. சேர்வதற்கு முன், பலவிதமான குதிரைகளை ஆசிரியர் கண்முன்னே எத்தனை மணி நேரம் தொடவிடுவார்கள் என்று கேளுங்கள்.

கைதேர்ந்தவர்களுக்கும் அலுப்பூட்டும் ஒரு விஷயம் உண்டு. முதுகில் இளக்கிவிட்ட அதே இடம் பத்து நாளில் மறுபடி இறுகிவிடும். அப்போது சேணத்தைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் முடியை விரலால் விலக்கிப் பார்ப்பார்கள். பழுப்புக் குதிரையின் முதுகில், உள்ளங்கையளவு இடத்தில், நாலைந்து வெள்ளை முடிகள். அழுத்தம் தாங்காமல் முடிவேரின் நிறமிச் செல்கள் செத்துப்போனதன் அடையாளம். சேணம் ரொம்ப நாளாகவே அளவு பொருந்தாமல் இருந்திருக்கிறது.