ஆச்சியின் முதுகைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அந்த வீட்டுக்குள் நுழைந்ததுமே ஊதுபத்தி வாசனை. கட்டிலைச் சுற்றி மூன்று இடங்களில் ஏற்றி வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். எந்த நாற்றத்தை மறைக்க அத்தனை ஊதுபத்தி என்று உடனே தெரிந்துவிட்டது.

ஆச்சிக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து 19 நாள் ஆகியிருந்தது. "தையல் பிரிச்சாச்சு, சுகரும் கட்டுக்குள்ளதான் இருக்கு. ராத்திரியானா மட்டும் காய்ச்சல் அடிக்குது சிஸ்டர்" என்றார் மருமகள். ஆச்சியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன். முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. படுக்கைப் புண். சுற்றியிருந்த தோல் இறுகிப்போய்ச் சூடாக இருந்தது. மருமகள் அதைக் கவனிக்காமல் இல்லை. தினமும் ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, பவுடர் போட்டு வந்திருக்கிறார். "நல்லாத்தானே பார்த்துக்கிட்டோம், எப்படி வந்துச்சு?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

அவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் படித்தேன். ஒன்பது மாத்திரைகள், ஒவ்வொன்றுக்கும் நேரம், அடுத்து வரவேண்டிய தேதி, எல்லாம் இருந்தன. "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள்" என்ற ஒரு வரி மட்டும் இல்லை. நான் வீடுகளில் வாங்கிப் பார்த்த சீட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம் இது. நான் வார்டில் இருந்த வருடங்களில் அனுப்பிவைத்த எத்தனையோ பேரின் சீட்டுகளிலும் அந்த வரி இருந்ததில்லை.

படுக்கைப் புண் அழுக்கால் வருவதில்லை, அழுத்தத்தால் வருகிறது. நாம் தூங்கும்போது நம்மை அறியாமலேயே புரண்டு புரண்டு படுக்கிறோம். உடம்பின் பாரம் ஓரிடத்தில் நிலைத்து நிற்க விடுவதில்லை. புரள முடியாதவருக்கு எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது. அங்கே உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டு, சில மணி நேரத்திலேயே சதை சாகத் தொடங்குகிறது. எலும்பை ஒட்டிய சதைதான் பெரும்பாலும் முதலில் சாகும். அதனால் வெளியே நாணயம் அளவுக்குத் தெரிவது உள்ளே உள்ளங்கை அளவுக்கு இருக்கலாம். ஆச்சிக்கு அப்படித்தான் இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். கறுப்பு, நாற்றம், காய்ச்சல் மூன்றும் சேர்ந்துவிட்டால் வீட்டில் வைத்து எதையும் செய்யக்கூடாது. அங்கே செத்த சதையை வெட்டி எடுத்த பிறகு என் கைமுட்டி உள்ளே போகும் அளவுக்குப் பள்ளம்.

இதைத் தடுக்கும் வழியைக் கண்டறிந்ததில் செவிலியர்களின் பங்கு பெரியது. அதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை, ஏனென்றால் செவிலியர் ஆராய்ச்சி என்றாலே "ஊசி போடுறதுல என்ன ஆராய்ச்சி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1950-களின் வார்டுகளில் படுக்கைப் புண் வராமலிருக்கத் தடவாத பொருள் இல்லை. ஸ்பிரிட், சோப்பு, முட்டையின் வெள்ளைக்கரு என்று ஒவ்வொரு வார்டிலும் ஒரு பழக்கம். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர், ரோடா மெக்லாரன், முதியோர் மருத்துவர் எக்ஸ்டன்-ஸ்மித் ஆகியோருடன் சேர்ந்து முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். 1962-ல் முடிவுகள் வெளிவந்தன. எதைத் தடவினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, அழுத்தத்தை நீக்கி அடிக்கடி இடம் மாற்றிப் படுக்க வைத்ததுதான் பலன் தந்தது. பெரும்பாலான புண்கள் அனுமதியான முதல் இரண்டு வாரங்களுக்குள் வந்துவிடுகின்றன என்பதும் அதில் தெரிந்தது. ஆச்சியின் 19 நாள் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆபத்தான நாட்களை அவர் பெரும்பாலும் வீட்டில்தான் கழித்திருக்கிறார்.

நார்ட்டன் ஒரு எளிய மதிப்பெண் முறையையும் தந்தார். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், சிறுநீர் மலம் கட்டுப்பாடு. ஐந்துக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண். மொத்தம் 20. 14-ம் அதற்குக் கீழும் ஆபத்து. ஆச்சியை அன்று மதிப்பிட்டபோது 11 வந்தது. பிறகு 1987-ல் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர்கள் இன்னும் விரிவான ஒரு முறையைப் பதிப்பித்தார்கள். உணவையும், தோல் உராய்ந்து இழுபடுவதையும் அதில் சேர்த்தார்கள். இன்று நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளில் ஐசியு கேஸ் ஷீட்டில் "பிரேடன் ஸ்கோர்" என்று இருப்பது அதுதான்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முதலில் பார்க்க வேண்டும். காலையில் துடைத்துவிடும்போதும் இரவு படுக்க வைக்கும்போதும் முதுகெலும்பின் அடிப்பகுதி, இரண்டு இடுப்பு, குதிகால், கணுக்கால், தோள்பட்டை, முழங்கை, பின்னந்தலை, காது மடல் என எலும்பு துருத்தும் இடங்களையெல்லாம் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பாடப்புத்தகங்களில் "தோல் சிவக்கும்" என்று போட்டிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அக்கம்பக்கத்துத் தோலைவிட அந்த இடம் கூடுதலாகக் கறுத்தோ ஊதா பூத்தோ இருக்கலாம். கைவிரலின் பின்பக்கத்தால் தொட்டால் சூடாகவோ சில்லென்றோ இருக்கும். அழுத்தினால் இறுகியோ கொழகொழவென்றோ இருக்கும். கண்ணைவிடக் கையை நம்புங்கள் என்று நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் சொல்வேன். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்து அந்த இடத்தின் மேல் பாரம் விழாமல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அந்த இடத்தைத் தேய்க்கவோ மசாஜ் செய்யவோ கூடாது. உள்ளே நைந்துபோன சதையை அது மேலும் கிழிக்கும்.

திருப்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாரமெல்லாம் இடுப்பு எலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, லேசாகச் சாய்ந்தாற்போல், முப்பது டிகிரி அளவில் வைத்தால் போதும். இடுப்பு ஆபரேஷன் ஆனவரை எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று டாக்டரிடம் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் நெடுகத் தலையணை கொடுத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி வையுங்கள். ஒரு காகிதம் தடையில்லாமல் குதிகாலுக்கு அடியில் போய்வந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பது நம் வார்டுகளில் ரொம்ப நாள் பழக்கம். நானும் நிறைய வைத்திருக்கிறேன். அது வேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டுதல்களே சொல்லிவிட்டன. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் அப்படித்தான். வளையத்தின் விளிம்பு ரத்த ஓட்டத்தை நெருக்கிவிடும்.

மேலே நகர்த்த வேண்டும் என்றால் அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். டிவி பார்க்க வசதியாக நாலு தலையணை அண்டக்கொடுத்து மணிக்கணக்கில் உட்கார வைப்பதும் கெடுதல்தான். உடம்பு மெல்லக் கீழே சரியும், தோல் மட்டும் விரிப்போடு ஒட்டி அங்கேயே நிற்கும். இந்த இழுபறியில்தான் உள்ளே குழாய்கள் முறுக்கிக்கொள்கின்றன.

ஏர் பெட் வாங்கிப் போட்டாச்சு, இனித் திருப்ப வேண்டாம் என்று நினைப்பவர்கள் பலர். ஏர் பெட் உதவி செய்யும், அவ்வளவுதான். அதன் மேல் ரெக்ஸின், கம்பளி, மடித்த போர்வை என்று அடுக்கிவிட்டால் அந்த உதவியும் கிடைக்காது.

இரண்டு மணி நேரக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே நான்சி பெர்க்ஸ்ட்ராம் குழுவினர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் காப்பகங்களில் 942 பேரை வைத்துச் சோதித்து 2013-ல் ஆய்வை வெளியிட்டார்கள். அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்களை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பினாலும், மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை திருப்பினாலும் புண் வரும் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பராமரிப்பவருக்கு இது பெரிய செய்தி. ஒரே மருமகள், ஒரே மகள் என்று தனியாளாகப் பார்க்கும் வீட்டில் இரவில் நான்கு முறை எழச் சொல்வது கொடுமை. நல்ல மெத்தை இருந்து, தோலிலும் மாற்றம் இல்லை என்றால் இரவு இடைவெளியைக் கூட்டலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள். அமுங்கிப்போன இலவம்பஞ்சு மெத்தைக்கு அந்த ஆய்வு பொருந்தாது. அங்கே இரண்டு மணி நேரம்தான்.

ஈரமும் சாப்பாடும் மிச்சம். ராத்திரி கட்டிய டயப்பரை விடியும்வரை விட்டால் தோல் ஊறிப்போகும். அதன் மேல் பவுடர் போட்டால் கட்டியாகி உறுத்தும். மிதமான நீரில் கழுவி ஒற்றி எடுத்து, மெல்லிசாகத் தடுப்பு க்ரீம் அல்லது வாஸ்லைன் போதும். சாப்பாட்டில், "வயசானவங்களுக்குச் செரிக்காது" என்று ரசம் சாதமும் கஞ்சியும் மட்டுமே கொடுப்பது நம் வீடுகளில் நடக்கிறது. புரதம் இல்லாமல் புண் ஆறாது. முட்டை, பாசிப்பருப்பு, தயிர், மீன், மசித்த சுண்டல், எது முடியுமோ அது தினமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குற்ற உணர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றமில்லை, பராமரிப்பின் குற்றம் என்று 1859-லேயே ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதினார். செவிலியர்களான எங்களை உலுக்குவதற்கு அது சரி. ஆனால் வீட்டில் தனியாகப் போராடும் ஒரு பெண்ணின் மேல் அதைத் தூக்கிப் போடக்கூடாது. 1989-ல் கேரன் லூ கென்னடி என்ற அமெரிக்கச் செவிலியர், உயிர் பிரியும் கட்டத்தில் திடீரென்று தோன்றும் ஒருவகைப் புண்ணைப் பற்றி எழுதினார். மற்ற உறுப்புகளைப் போலத் தோலும் அப்போது தளர்ந்துவிடுகிறது. எவ்வளவு கவனித்தாலும் அந்தப் புண்ணைத் தடுக்க முடியாமல் போகலாம். "நாங்கதான் கொன்னுட்டோமோ" என்று அழுத பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். வழி தெரியவில்லை என்றால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.

ஆச்சிக்குப் புண் மூட ஐந்தரை மாதம் ஆனது. மருமகள் தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டிருந்தார். பால் காய்ச்சும்போது இடது பக்கம், குழாயில் தண்ணீர் வரும்போது வலது பக்கம், சீரியல் முடிந்ததும் மல்லாக்க. இரவுப் பொழுது மகனுடையது. இதை மட்டும் நான் கறாராகக் கேட்டு வாங்கினேன். மூடிய இடத்தின் தோல் பழைய வலுவுக்கு எப்போதும் திரும்பாது, அதே இடத்தில் மறுபடியும் புண் வரலாம். அதனால் அந்த அட்டை இன்னும் கட்டில் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது.