கை நீண்டால் ஒரு சட்டம், வாய் நீண்டால் வேறொரு சட்டம்

கணவன் அறைந்ததில் உதடு கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனைக்குப் போனால் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் தாளில், இத்தனை மணிக்கு, இன்ன இடத்தில், தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாகச் சொல்கிறார் என்று குறித்து, காயத்தின் நீள அகலத்தையும் எழுதிவிடுவார். அப்புறம் அது சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்று சான்றிதழ் வரும். வழக்குக்கு முதுகெலும்பே அந்தத் தாள்தான். பக்கத்து வீட்டில் யாரும் கை ஓங்கியதே இல்லை. ஆனால் வருஷக்கணக்காக, மனைவி பரிமாறியதை விருந்தாளி முன்னால் தட்டோடு தள்ளிவிடுவது, அம்மாவோடு பேசினால் போனைப் பிடுங்குவது, பால் வாங்கிய காசுக்குக்கூடக் கணக்குக் கேட்பது. இதை எந்த டாக்டர் எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பார்?

சிக்கலே இங்கேதான். குற்றவியல் சட்டம் சம்பவத்தை வைத்துக் கட்டப்பட்டது: ஒரு நாள், ஒரு அடி, ஒரு சாட்சி. மனதை நோகடிப்பதோ சம்பவம் அல்ல, பழக்கம். அதில் ஒரு நாளை மட்டும் தனியாக உருவி எடுத்துக் காட்டினால், "இதுக்கா கேஸ்?" என்று ஸ்டேஷனிலேயே சிரித்துவிடுவார்கள். 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டம் காயம் என்றால் உடல் வலி, நோய், பலவீனம் என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையேதான் சொல்கிறது. மனக்காயம் என்று தனியாக ஒன்றும் அதில் கிடையாது.

அதற்காகச் சட்டம் மனதை அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பழைய தண்டனைச் சட்டத்தில் 1983-ல் சேர்த்த 498-ஏ பிரிவு, கணவனோ அவன் வீட்டாரோ செய்யும் கொடுமையில் மனநலத்துக்கு வரும் கேட்டையும் சேர்த்தது. 3 வருஷம் வரை சிறை. ஆனால் வாசற்படி ரொம்ப உயரம். வரதட்சணைத் தொல்லை இல்லையென்றால், அவள் தற்கொலைக்குப் போகும் அளவுக்கு, அல்லது உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ பெரும் கேடு வரும் அளவுக்கு அது இருந்தாக வேண்டும். அதையும் ஐயமில்லாமல் நிரூபிக்க வேண்டும்.

2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் இந்தப் படியைச் சுற்றிக்கொண்டு போனது. வசைச்சொல், கேலி, பட்டப்பெயர், பிள்ளை இல்லை அல்லது ஆண் பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவது எல்லாம் வன்முறை என்று 3-ஆம் பிரிவில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. (நம் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.) ஆனால் அப்படித் திட்டியதற்காக யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. மாஜிஸ்திரேட் தருவது சிவில் நிவாரணம்: "இனி இப்படிச் செய்யாதே" என்று பாதுகாப்பு உத்தரவு, அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமை, செலவுக்குப் பணம், மன வேதனைக்கு இழப்பீடு. அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம். 1 வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிவில் என்பதால் ஒரு லாபமும் உண்டு. ஐயமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, யார் சொல்வது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று நீதிபதி எடைபோட்டால் போதும்.

எடைபோடவும் ஏதாவது வேண்டுமே. அதனால்தான் நல்ல வக்கீல் "எப்போதும் திட்டுவார்" என்று மனுவில் எழுத விடமாட்டார்; எந்த விசேஷம், யார் கூட இருந்தார்கள், என்ன வார்த்தை என்று குடைந்து எடுப்பார். வாட்ஸ்ஆப் ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதோடு மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழும் கேட்பார்கள் (பழைய 65-பி, இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63). ஆகவே அசல் மெசேஜ் இருக்கும் போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. பழக்கத்தையே குற்றமாக்கிவிட்டார்கள். 2015 சட்டத்தின் 76-ஆம் பிரிவுப்படி, துணைவரையோ குடும்பத்தில் ஒருவரையோ திரும்பத் திரும்ப அடக்கியாண்டு, அதனால் அவருக்குக் குறைந்தது இரண்டு முறையாவது அடி விழும் என்ற பயம் வந்தாலோ, அன்றாட வாழ்க்கையே குலையும் அளவுக்கு மனம் தவித்தாலோ, 5 வருஷம் வரை சிறை. ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே. அங்கே பாதிக்கப்பட்டவர் உண்மையில் உடைந்துபோனாரா என்று காட்ட வேண்டியதில்லை. நியாயமாக யோசிக்கும் யாருக்கும் இது காயப்படுத்தும் என்று தோன்றினால் போதும். உச்ச தண்டனை 14 வருஷம். எனக்கு ஸ்காட்லாந்து வழிதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் தைரியமாகத் தாங்கிக்கொண்டவள் "உனக்கொன்றும் ஆகவில்லையே" என்ற பதிலை அங்கே கேட்க வேண்டியதில்லை. இலங்கையின் 2005 சட்டம் கடுமையான, தொடர்ச்சியான நடத்தையைத்தான் உளத் துன்புறுத்தல் என்கிறது. தருவது நம்முடையதைப் போல உத்தரவுதான்.

2023-ல் தண்டனைச் சட்டத்தையே புதிதாக எழுத நமக்கும் வாய்ப்பு வந்தது. அப்படி எழுதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 498-ஏ கிட்டத்தட்ட அதே வாசகத்தோடு 85, 86 என்று எண் மாறி உட்கார்ந்துகொண்டது, அதே 3 வருஷத்தோடு. ஆகவே இப்போதைக்குக் கையில் இருப்பது நம் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மனுதான். அதைப் பாதிக்கப்பட்டவளேதான் கொடுக்க வேண்டும் என்றில்லை. அவள் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ (இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிப்பவர்), அம்மாவோ, தோழியோகூடக் கொடுக்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு அடித்துக் கேளுங்கள்.