பெரும, சிறும மதிப்புக் கணக்குகளில் முதல் இரண்டு வரி

ஓர் அளவு எப்போது மிகப் பெரிதாகும் அல்லது மிகச் சிறிதாகும் என்று கேட்பவை பெரும, சிறும மதிப்புக் கணக்குகள். அவற்றின் விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வகையிடல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பூச்சியத்துக்குச் சமப்படுத்துவதும் சரி, இரண்டாம் வகைக்கெழுவை வைத்துச் சோதிப்பதும் சரி. தப்பு அதற்கெல்லாம் முன்னால், முதல் இரண்டு வரியிலேயே நடந்து முடிந்திருக்கும். கூம்பின் கனஅளவில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். சாயுயரம் இருக்க வேண்டிய இடத்தில் செங்குத்து உயரம் இருக்கும். மாணவரோ "எனக்கு கால்குலஸ் வராது" என்று முடிவுகட்டிவிடுகிறார். அது உண்மையில்லை. சில வருடங்களுக்கு முன் படித்துவிட்டு மறந்துபோன அளவியல்தான், அதாவது பரப்பும் கனஅளவும் காணும் பாடம்தான், அவரைக் காலை வாருகிறது.

இதற்குச் சூத்திரப் பட்டியலை ராத்திரியெல்லாம் உருப்போடுவது மருந்தாகாது. உருவத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் நிற்கும்.

மூடியுள்ள உருளை வடிவ டப்பாவை எடுத்துக்கொள்வோம். கனஅளவு மாறக்கூடாது, தகடு மிகக் குறைவாகச் செலவாக வேண்டும். பரப்பு எவ்வளவு? டப்பாவை மனதுக்குள் பிரித்துப் போடுங்கள். மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம். பக்கவாட்டுத் தகட்டை மேலிருந்து கீழாக வெட்டி விரித்தால் ஒரு செவ்வகம். அதன் ஒரு பக்கம் உயரம், இன்னொரு பக்கம் வட்டத்தின் சுற்றளவு. ஆக வளைபரப்பு 2 × பை × ஆரம் × உயரம். இரண்டு வட்டங்களுக்கு 2 × பை × ஆரம்². கனஅளவு என்பது அடிப்பரப்பு × உயரம். அதை வைத்து உயரத்தை நீக்கினால், மொத்தப் பரப்பு = 2 × பை × ஆரம்² + 2 × கனஅளவு ÷ ஆரம். இப்போது மாறி ஒன்றுதான். வகையிட்டுப் பூச்சியமாக்கினால் கனஅளவு = 2 × பை × ஆரம்³ என்று வரும், அதாவது உயரம் விட்டத்துக்குச் சமம்.

சரி, அதே டப்பாவுக்கு மூடி இல்லை என்று கேட்டிருந்தால்? ஒரு வட்டம் குறைகிறது. விடை உயரம் = ஆரம் என்று மாறிவிடும். மொத்தப் புறப்பரப்பை அப்படியே ஒப்பிப்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரின் கை, "மூடியில்லாத" என்று படித்தவுடனே ஒரு வட்டத்தை அடித்துவிடும்.

கனஅளவுக்கு அதிகம் நினைவில் வைக்கத் தேவையில்லை. அடி முதல் உச்சி வரை ஒரே அகலத்தில் எழும் உருவம் என்றால் அடிப்பரப்பு × உயரம். ஒரே முனையில் போய்க் கூடினால் அதில் மூன்றில் ஒன்று. கோளத்துக்கு ஆர்க்கிமிடீஸைக் கூப்பிடலாம். கோளத்தைச் சரியாகச் சூழும் உருளையின் கனஅளவில் மூன்றில் இரண்டு பங்கு கோளம் என்று நிறுவியவர் அவர். அந்த உருளைக்குள் அதே அடியும் உயரமும் கொண்ட கூம்பையும் வைத்தால் கூம்பு, கோளம், உருளை மூன்றும் 1 : 2 : 3. கி.மு. 75இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஆர்க்கிமிடீஸின் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அடையாளம் காட்டியது அதன்மேல் இருந்த கோளமும் உருளையும்தான். அப்புறம், கோளத்தின் கனஅளவை ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் அதன் புறப்பரப்பே கிடைக்கும். ஆரம் துளி கூடும்போது மேலே சேர்வது ஒரு மெல்லிய படலம் என்பதால் அப்படி. வட்டத்தின் பரப்பை வகையிட்டால் சுற்றளவு வருவதும் இதே காரணத்தால்தான்.

எழுதியதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. பரப்பு என்றால் ஒவ்வோர் உறுப்பிலும் இரண்டு நீளங்களின் பெருக்கம் இருக்க வேண்டும், கனஅளவு என்றால் மூன்று. 2 × கனஅளவு ÷ ஆரம் என்பதில் மூன்று நீளங்களில் ஒன்று வகுத்தலில் போய்விட, மிச்சம் இரண்டு, பொருந்துகிறது. பரப்பை எழுதும்போது ஆரம்³ தலைகாட்டினால் அந்த வரியிலேயே நிறுத்திவிடலாம்.

எல்லாப் பிழையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. கோளத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய கூம்பின் உயரம், கோளத்தின் ஆரத்தைப் போல 4/3 மடங்கு. மூன்றில் ஒன்றை மறந்தவருக்கும் இதே உயரம்தான் வரும், ஏனென்றால் அது மொத்தத்தையும் பெருக்கும் மாறிலி. பெருமக் கனஅளவு மட்டும் மும்மடங்காகிவிடும். ஆனால் டப்பா கணக்கில் ஒரு உறுப்பின் குணகம் மட்டும் தப்பினால் அளவுகளே மாறிவிடும்.

தேர்வில் சூத்திரத் தாள் தருகிறார்கள் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு சொல். இரண்டு அளவுகளை இணைக்கும் சமன்பாடு எந்தத் தாளிலும் இருக்காது. கோளத்துக்குள் கூம்பு என்றால் பிதாகரஸ் தேற்றம். கூம்புக்குள் உருளை என்றால் வடிவொத்த முக்கோணங்கள். இரண்டையும் கண்டுபிடிக்க, உருவத்தை நடுவில் செங்குத்தாக வெட்டினால் தெரியும் முகத்தைத் தாளில் வரைய வேண்டும். கூம்புக்குள் அடங்கும் மிகப் பெரிய உருளையின் உயரம் கூம்பின் உயரத்தில் மூன்றில் ஒன்று. எந்தச் சூத்திரத்தையும் பார்க்காமல், அந்த வெட்டுமுகத்தை மட்டும் வரைந்து இதை இன்றைக்கே வருவித்துப் பாருங்கள்.